சகலைக்குக் கிடைத்த நாற்காலி

பெரியவருக்கு நுரையீரல் கெட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது சின்னவருக்கு முதலில் வந்தது வருத்தம்தான். அது இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலை பெரியவரை டூல் ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் வருத்தம் போன இடம் தெரியவில்லை.

இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். பட்டறையில் முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அடையாள அட்டையில் இருந்த பெயர்கள் அவர்களுக்கே எப்போதாவதுதான் நினைவுக்கு வரும். இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம். சின்னவருக்குக் கல்யாணமான புதிதில் அவரை அழைத்துவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டதே பெரியவர்தான். அந்த உதவியைக்கூடச் சின்னவரால் முழு மனதோடு மன்னிக்க முடிந்ததில்லை.

பால் ஏற்றிப்போகும் லாரிகளுக்குத் தொட்டி செய்கிற பட்டறை அது. ஒரு தொட்டி பஸ் நீளம் இருக்கும். எல்லாம் ஸ்டெயின்லெஸ் தகடு. மேலே ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு வட்டமாக ஒரு வாய். அதன் வழியாக உள்ளே இறங்கி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தடுப்புத் தகடுகளுக்கு வெல்டிங் வைக்க வேண்டும். வெளி ஜாயிண்டில் பிசகு வந்தால் கிரைண்டரால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். உள் ஜாயிண்டில் ஊசிமுனை அளவு பள்ளம் விழுந்தாலும் அங்கே பால் தங்கிப் புளித்துப்போகும். அதனால் வேலை சுத்தமான ஆளைத்தான் உள்ளே இறக்குவார்கள். பல வருஷங்களாக உள்ளே இறங்கியது பெரியவர் ஒருவர்தான். சின்னவருக்கு வாய்த்தவை ஏணிப்படியும் மட்கார்டும்.

தொட்டி வாங்க யாராவது வந்தால் போர்மேன் டார்ச் லைட்டை அடித்து உள்ளே பார்க்கச் சொல்வார். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு பாருங்க. பெரியவர் கை சார்." அந்த நேரங்களில் சின்னவர் பக்கத்தில் நின்று எதையாவது சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார். தட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

ஆறு வருஷத்துக்கு முன் ஆர்டர்கள் குவிந்தன. சின்னவர் போர்மேனை நச்சரித்து நச்சரித்து, பாதித் தொட்டிகளைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். உள்ளே எழும் புகைக்கு வேறு வழி கிடையாது. ஆள் வந்த வழியாகத்தான் அதுவும் போயாக வேண்டும். ஆளுக்கு இருக்கிற அவசரம் அதற்குக் கிடையாது. கம்பெனி காகித முகமூடி கொடுத்திருந்தது. வேர்வையில் அது நனைந்து மூக்கை அடைக்கும் என்று எல்லோரும் கழுத்தில்தான் தொங்கவிட்டிருந்தார்கள். மாலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். நாக்கில் துரு ருசி ராத்திரி சாப்பாடு வரைக்கும் இருக்கும். சின்னவருக்கு அந்தக் கறுப்புக் கைக்குட்டையில் ஒரு பெருமை இருந்தது. வெளியே நின்று ஏணிப்படிக்குப் பற்றவைக்கிறவனுக்கு இவ்வளவு கறுப்பு வராது.

ஒரு வருஷமாகத்தான் மூச்சுப் பரிசோதனை வேன் வர ஆரம்பித்திருந்தது. வெல்டர்கள் எல்லோரும் வரிசையில் போய் ஒரு குழாயில் ஊத வேண்டும். வேன் வந்த இரண்டு முறையும் சின்னவர் போகவில்லை. முதல் முறை, பெரியவர் வரிசையில் நின்ற நேரத்தில் அவர் பாதியில் விட்ட தொட்டிக்குள் இறங்கி அந்த ஜாயிண்டை முடித்தார். இரண்டாம் முறையும் அதே கதைதான். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். போர்மேனுக்கும் அன்று தொட்டி முடிந்தால் போதும் என்றிருந்தது.

அந்த இரண்டாம் முறையில்தான் பெரியவர் மாட்டிக்கொண்டார். இனி அவர் புகையில் நிற்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

டூல் ரூம் பட்டறையின் மூலையில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் ஒரு சின்ன ஜன்னல். வேண்டிய சாமானைக் கேட்டால் பெரியவர் எடுத்து அந்த ஜன்னல் வழியாக நீட்டுவார். உள்ளே ஒரு மேஜை, தலைக்கு மேல் மின்விசிறி, முதுகுக்குத் துணி வைத்துத் தைத்த நாற்காலி. சின்னவர் தொட்டியிலிருந்து தலையை வெளியே நீட்டும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அந்த நாற்காலிதான். அதில் வெள்ளைச் சட்டையோடு பெரியவர்.

இப்போது எல்லா உள் ஜாயிண்டும் சின்னவருக்கு. அவர் இத்தனை வருஷம் ஏங்கியது அதற்காகத்தான். கிடைத்த பிறகு அது அவருக்கு இனிக்கவில்லை. வெளியே ஒருவர் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே படுத்துக் கிடப்பதில் என்ன கௌரவம் என்று தோன்றியது.

வீட்டிலும் அதே பேச்சாக இருந்தது.

"அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள் அவர் மனைவி, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே. "அத்தான் சட்டையில அழுக்கே இல்லையாம். துவைக்கறப்போ அக்காவுக்கு ஒரு மாதிரி இருக்காம்."

"உக்காந்து ஈ ஓட்டுறவருக்கு அழுக்கு எங்கேர்ந்து வரும்?"

"அவருக்கு முடியலைங்க."

"முடியலைன்னா ஆஸ்பத்திரியில படுத்திருக்கணும். ஃபேனுக்குக் கீழ இல்லை."

அவள் மடித்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "அவரு வண்டி வாங்கினப்போ உங்களுக்குப் பொறுக்கலை. சரி. பொண்ணுக்கு நல்ல இடம் அமைஞ்சப்போ ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. அதுவும் சரி. நோவு வந்ததுக்குமா?"

"நோவா அது? மனுஷன் நல்லாத்தான் இருக்காரு. நேத்துகூட யாரோ ஏதோ சொன்னதுக்குச் சிரிச்சிட்டிருந்தாரு."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. காலையிலும் மாலையிலும் வருகிற இருமல்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முடியும் வரை காத்திருந்தார்.

"இது மட்டும் என்ன, பாட்டா?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

அந்தக் கேள்விதான் அவருக்கு வழி காட்டியது. ஆமாம், எனக்கும்தான் இருமல் இருக்கிறது. இரண்டு பேரும் தின்றது ஒரே புகை. அவருக்கு நாற்காலி என்றால் எனக்கு மட்டும் ஏன் இல்லை? பெரியவர் அன்று எப்படி ஊதினார் என்று யார் கண்டது? கொஞ்சம் குறைத்து ஊதியிருந்தால்? மூச்சு ஒருவனுடைய சொந்தச் சமாச்சாரம். எவ்வளவு விட வேண்டும் என்பது அவனுக்குத்தானே தெரியும். இப்படி யோசிக்க யோசிக்க அது சந்தேகமாக இருந்த நிலை மாறி, கண்ணால் பார்த்தது போலவே ஆகிவிட்டது.

பிறகு பெரியவரைக் கவனிக்க ஆரம்பித்தார். மாடியில் இருந்த உடைமாற்றும் அறைக்குப் பெரியவர் எப்படி ஏறுகிறார், எத்தனையாவது படியில் நிற்கிறார், நிற்கும்போது கைப்பிடியைப் பார்க்கிறாரா கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்று கவனித்தார். சட்டைப்பையிலிருந்து மூச்சுக்கான சின்ன மருந்து டப்பாவை எடுத்து வாயில் வைத்து இழுப்பதைக் கவனித்தார். ஒருநாள் கனமான கிரைண்டர் ஒன்றை ஒற்றைக் கையால் ஜன்னலில் தூக்கி வைத்ததைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

"கண்ணாடிக்குள்ள காத்து நல்லா வருதாண்ணே?" என்று ஜன்னலில் கேட்பார்.

"வருது தம்பி" என்பார் பெரியவர்.

ஒரு மத்தியானம் சின்னவர் போய், தகடுகளை இறுக்கிப் பிடிக்கிற பெரிய கிளாம்ப் வேண்டும் என்றார். அது மேல் தட்டில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்றைய வேலைக்கு அது தேவையில்லை என்பதும் தெரியும்.

பெரியவர் மேலே பார்த்தார். பிறகு சின்னவரைப் பார்த்தார். ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். நான்கு படி. கிளாம்பை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார். ஜன்னலுக்கு வந்ததும் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். முதுகு ஏறி ஏறி இறங்கியது. உள்ளேயிருந்து விசில் போல மெல்லிய சத்தம் வந்தது. சின்னவர் வெளியே நின்று அதை எண்ணுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியவர் நிமிர்ந்து கிளாம்பை நகர்த்தி வைத்தார்.

"வேற ஏதாவது வேணுமா?" அவ்வளவுதான் கேட்டார். அந்த மூன்று சொல்லும் தனித்தனியாக வந்தன.

'நல்லா நடிக்கிறாரு' என்று நினைத்துக்கொண்டே சின்னவர் கிளாம்பைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் தொட்டிக்குள் இறங்கிப் படுத்த பிறகு வெகுநேரம் அவரால் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்க முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து வேன் மறுபடி வந்தது. இந்த முறை சின்னவர்தான் வரிசையில் முதல் ஆள். போர்மேனுக்கே ஆச்சரியம்.

வேனுக்குள் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். அவர் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினாள். குழாயை வாயில் வைத்து உதட்டை இறுக்கிக்கொள்ளச் சொன்னாள்.

"நல்லா இழுத்துக்குங்க. இப்ப ஒரே மூச்சா, வேகமா. ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்."

சின்னவர் முகத்தை மட்டும் சிவக்கவைத்துக்கொண்டு, காற்றைக் கஞ்சத்தனமாக விட்டார். நடுவில் இரண்டு இருமல் சேர்த்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். "இன்னொரு தடவை."

இரண்டாவது முறை இன்னும் குறைத்தார். மூன்றாவது முறை பயந்துபோய்க் கொஞ்சம் கூட்டினார்.

"அண்ணே" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "மூணும் மூணு தினுசா இருக்கு. நெஜமா ஊதினா மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். இதை நான் எழுத முடியாது. ஊதத் தெரியலைன்னுதான் எழுதணும்."

ஊதத் தெரியவில்லை. அந்தச் சொல் சின்னவரைச் சுருக்கென்று குத்தியது. பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்கும். பெரியவருக்கு ஊதத் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லையாம். திட்டம், நாற்காலி, மின்விசிறி எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோயின.

"குழாயைக் கொடும்மா" என்றார்.

வயிறு முதுகோடு ஒட்டும் அளவுக்கு இழுத்தார். கண் பிதுங்க, காது அடைக்க, காலால் தரையை உதைத்துக்கொண்டு ஊதினார். மூன்று முறையும் அப்படியே. மூன்றாவது முடிந்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. இருமல் வந்து நிற்கவேயில்லை. அவள் தண்ணீர் கொடுத்தாள்.

"இப்ப சரி. மூணும் ஒண்ணு போல வந்திருக்கு."

"பாத்தியா. எவ்வளவு?"

"உங்க வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியது நூறுன்னு வெச்சுக்குங்க. உங்களுக்கு அம்பத்தெட்டு."

"முன்னாடி ஊதினது?"

"அம்பத்தஞ்சு, நாப்பத்தொம்பது, அம்பத்திரண்டு."

சின்னவர் மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள். ஏமாற்றி ஊதியதற்கும் உயிரைக் கொடுத்து ஊதியதற்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். அதை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம்.

"தொட்டிக்குள்ள எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க?"

"ஆறு வருஷம்." பிறகு அவரையும் அறியாமல் கேட்டுவிட்டார். "எங்க சகலைக்கு எவ்வளவு வந்தது?"

"அடுத்தவங்களோடதைச் சொல்லக்கூடாதுண்ணே. நீங்க நாளைக்கே நெஞ்சு டாக்டரைப் பாருங்க."

டாக்டரிடம் மனைவியும் கூட வந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். பால் நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தன.

"இது இரும்புத் தூசி. உள்ள போய்ப் படிஞ்சிருக்கு. இதைவிட எனக்குக் கவலை மூச்சுக்குழாய்தான், அது சுருங்கியிருக்கு. ஸ்டெயின்லெஸ் புகையில குரோமியம், நிக்கல் எல்லாம் இருக்கு. மூடின இடத்துல அதையே வருஷக்கணக்கா இழுத்தா இப்படித்தான் ஆகும். புத்துநோய் வர வாய்ப்பும் கூடும். அதனால வருஷா வருஷம் காட்டணும். இருமல் எவ்வளவு நாளா?"

"இருமலா? அது வெல்டிங்காரன் இருமல் சார். எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"எல்லாருக்கும் இருந்தா அது சரியாயிடுமா?"

டாக்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"மருந்து போடறேன். புகையை விட்டு வெளிய வந்தா இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். போனது வராது."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் திரும்பாமலே கேட்டாள். "இப்ப நிம்மதியா இருக்கா உங்களுக்கு?"

அவர் தலைகுனிந்து கையிலிருந்த எக்ஸ்ரே உறையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேணாம். நீங்க சொன்னா இதுலயும் ஜெயிச்ச மாதிரி சொல்வீங்க." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை போர்மேன் அவரைக் கூப்பிட்டார். டாக்டர் எழுதிய காகிதம் மேஜைமேல் இருந்தது.

"டூல் ரூமுக்கு ஒரு ஆள்தான். முதலாளி ரெண்டு பேரை உக்காரவைக்க மாட்டாரு. காகிதத்தைப் பாத்தா பெரியவரைவிட உனக்குத்தான் மோசம். நீ சரின்னா அவரை வீட்டுக்கு அனுப்பிட்டு உன்னை உக்காரவைக்கறேன். திங்கக்கிழமை வந்து சொல்லு."

சின்னவர் வெளியே வந்து நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் ஒரு டிரில்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி இனி தன்னுடையது. ஒரு சொல் போதும். ஆறு மாதமாக அவர் வயிறெரிந்து கேட்டது அதைத்தான். இப்போதும், 'பெரியவரைவிட உனக்குத்தான்' என்று போர்மேன் சொன்ன இடத்தில் மனசுக்குள் ஏதோ ஒன்று துள்ளியதை அவர் கவனித்தார். கவனித்து வெட்கப்பட்டார். ஆனாலும் துள்ளியது துள்ளியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் மனைவி வாசலுக்கு வந்து, "அத்தான் வர்றாரு. கீழ படியில உக்காந்திருக்காரு" என்றாள்.

வீடு இரண்டாவது மாடியில். சின்னவர் எட்டிப் பார்த்தார். முதல் மாடித் திருப்பத்தில் பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டப்பாவை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பை. சின்னவர் இறங்கிப் போனார். முன்பெல்லாம் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்குகிறவர், இன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பெரியவருக்குப் பேச்சு வரும் வரை இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு?" என்றார் பெரியவர்.

"அம்பத்தெட்டு."

"எனக்கு அறுபத்தொண்ணு."

போர்மேன் சொன்னதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். திங்கட்கிழமை தானாகவே நடந்துவிடும். ஆனால் சின்னவர் சொல்லிவிட்டார். நாற்காலி, முதலாளி, ஒரு ஆள், எல்லாவற்றையும்.

பெரியவர் சிரித்தார். "எடுத்துக்கோ. அதுல உக்காரவே எனக்குப் பிடிக்கலை."

சின்னவருக்கு அந்த நேரத்திலும் கோபம் வந்தது. "பிடிக்கலையா? ஆறு மாசமா மகாராஜா மாதிரி உக்காந்திருந்தீங்களே."

"எங்க போறது? கண்ணாடி வழியா உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். நீ தொட்டியில இறங்கறதை, உள்ளேர்ந்து அந்த நீல வெளிச்சம் வர்றதை. என் வேலை அது. நான் இங்க போல்ட் நட்டை எடுத்துக் கொடுத்துட்டிருக்கேன், நீ அங்க என் ஜாயிண்டைப் போட்டுட்டிருக்கே. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும் தம்பி. ஒருநாள் உன் ஜாயிண்ட் கோணிப்போகணும்னுகூட வேண்டிக்கிட்டேன்."

"கோணிச்சு" என்றார் சின்னவர். "ரெண்டு மூணு தடவை கோணிச்சு. கை நடுங்குது. யாருக்கும் சொல்லலை."

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு அந்தக் கிளாம்ப்..." என்று ஆரம்பித்தார் சின்னவர்.

"தெரியும். உனக்கு அது வேண்டியதே இல்லை."

"தெரிஞ்சுமா ஏறினீங்க?"

"என்னால முடியும்னு உனக்குக் காட்டத்தான்." பெரியவர் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வேன்லயும் அப்படித்தான். என்னை வெளிய அனுப்பிடக்கூடாதுன்னு எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஊதினேன். ஊதியும் அவ்வளவுதான் வந்தது."

அவர் குறைத்து ஊதினார் என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்ததைச் சின்னவர் சொல்லவில்லை. தான் குறைத்து ஊதியதையும் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றையாவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரியவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். டூல் ரூமில் இருக்கும் சாமான்களைத் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். புகை உறிஞ்சும் மெஷின், இரண்டு, யானைத் தும்பிக்கை கனத்துக் குழாயோடு. முகத்தை மூடி, உள்ளே சுத்தமான காற்று வரும் ஹெல்மெட், மூன்று. எல்லாம் பின்பக்க அலமாரியில், வந்த பெட்டியில், ஒட்டின பசைநாடாகூடப் பிரிக்காமல்.

"எப்ப வந்ததுண்ணே இது?"

"நாலு வருஷம் ஆச்சு. யாரோ பெரிய பார்ட்டி பார்வையிட வந்தப்போ காட்டறதுக்கு வாங்கியிருக்காங்க. தொட்டிக்குத் தொட்டி இழுத்துட்டுப் போனா நேரம் போகுதுன்னு அப்படியே வெச்சுட்டாங்க. நானே போன மாசம்தான் பாத்தேன். போர்மேன்கிட்டக் கேட்டேன். பாக்கலாம்னாரு."

நாலு வருஷம். சின்னவர் அதை மனசுக்குள் தன் ஆறு வருஷத்தோடு வைத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவருக்குப் பெரியவர் மேல் அல்லாமல் வேறு ஒருவர் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் பழக்கமில்லாத சட்டை போல உடம்பில் சரியாக உட்காராமல் இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து போனார்கள். போர்மேனைத் தாண்டி முதலாளி அறைக்கே போனார்கள். பேசியது பெரும்பாலும் சின்னவர். அவருக்கு மூச்சு முட்டிய இடங்களில் பெரியவர் தொடர்ந்தார், பெரியவருக்கு முட்டியபோது இவர் தொடர்ந்தார். முதலாளி இரண்டு டாக்டர் காகிதத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த நோட்டு வெளியே யாரிடமும் போகவில்லையே என்று கேட்டார். "இன்னும் போகலை சார்" என்றார் சின்னவர். அந்த 'இன்னும்' அவர் யோசித்துச் சொன்னது அல்ல. ஆனால் அதற்குப் பிறகு முதலாளியின் குரல் இறங்கிவிட்டது.

மதியம் வரை பெரியவர் டூல் ரூமில், பிறகு சின்னவர் என்று முடிவாயிற்று. மீதி நேரத்தில் வெளி முற்றத்தில் தகடுகளுக்குச் சாக்கட்டியால் அளவு குறிக்கிற வேலை. பெட்டிகளைப் பிரித்தார்கள். அடுத்த வாரம் தொட்டியின் வாயிலிருந்து அந்தக் கனத்த குழாய் வெளியே நீண்டு, சுவரைத் தாண்டிப் போயிற்று. உள்ளே இறங்குகிறவர் இப்போது வேறு ஓர் ஆள். காற்று வரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு இறங்குகிறார். மெஷின் போடும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று முதல் வாரம் எல்லோரும் திட்டினார்கள். பிறகு பழகிவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சின்னவருக்கு இருமல் குறைந்தது, போகவில்லை. மழைநாளில் இரண்டாவது மாடிக்கு ஏற இரண்டு இடத்தில் நிற்கிறார். பெரியவருக்கு இடையில் ஒருமுறை நிமோனியா வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு நாள் விடாமல் போய்ப் பார்த்த சின்னவர், அங்கே பெரியவருக்கு ஜன்னலோரப் படுக்கை கிடைத்ததைப் பற்றி வீட்டில் மூன்று முறை சொன்னார். அவர் மனைவி மூன்றாவது முறை சிரித்துவிட்டாள்.

அடுத்த வேன் வந்தபோது பெரியவர் முதலில் போய்விட்டு வந்தார். அறுபத்திரண்டு. ஒன்று கூடியிருந்தது. அந்த ஒன்றெல்லாம் கணக்கே இல்லை, அன்றைக்கு அன்றைக்கு மாறும் என்று அந்தப் பெண் சொன்னதையும் சேர்த்தே அவர் சொன்னார். சின்னவர் முகம் கொடுத்துப் பேசாமல் வேனுக்குள் ஏறினார்.

இந்த முறை முதல் ஊதலே முழு மூச்சு. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது முடிந்ததும் மூக்குக் கிளிப்பைக் கழற்றாமலே திரையை எட்டிப் பார்த்தார்.

"அம்பத்தெட்டு" என்றாள் அவள். "அப்படியே நிக்குதுண்ணே. குறையலை. அது நல்ல விஷயம்."

"இன்னொரு தடவை ஊதறேனே."

"மூணும் சரியா வந்துடுச்சு. போதும்."

"அவரு எத்தனை தடவை ஊதினாரு?"

"அண்ணே, பின்னாடி ஆள் நிக்கறாங்க. எழுந்திருங்க."

கீழே வேன் படியருகில் பெரியவர் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கேட்டார்.

"அறுபத்து மூணு" என்றார் சின்னவர்.